139-ம் நம்பர் சட்டை

மீன் நல்ல மீனான்னு எப்படிப் பார்ப்பீங்க? செவுளைத் தூக்கிப் பார்த்தா ரத்தச் சிவப்பா இருக்கணும். கண்ணு பளபளன்னு இருக்கணும், உள்ளே போயிருக்கக் கூடாது. வயித்துல விரலை வெச்சு அழுத்தினா பள்ளம் விழாம எழும்பி வரணும். மயிலாப்பூர்னா மாடவீதியும் கபாலி கோயிலும் டிகிரி காபியும் மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: லஸ் முனையில இருந்து கச்சேரி ரோட்டுல கிழக்கே நடந்தா சாந்தோம், அங்கிருந்து கொஞ்சம் வடக்கே கடற்கரையோரம் நொச்சிக்குப்பம். அங்கே மீன் விக்கிற அக்காக்கள் இந்த மூணு பாடத்தையும் காசில்லாமலே சொல்லித் தருவாங்க. லூப் ரோட்டோரம் வித்துக்கிட்டிருந்தவங்களுக்காக 2024-ல் நவீன மீன் அங்காடியும் திறந்தாச்சு.

ஆனா அந்தப் பாடம் மீன் பழசா புதுசான்னு மட்டும்தான் சொல்லும். அதுல ஆளைப் படுக்க வைக்கிற கிருமி இருக்கான்னு சொல்லாது. காலையில பிடிச்ச மீன்லயும் இருக்கலாம், ஏன்னா அது கடல் தண்ணியிலயே குடியிருக்கிற ஜாதி. அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கிற கதையில நம்ம சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. அது சந்தோஷமான இடமில்லை. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல ஜப்பானுக்குப் போகணும். 1950 அக்டோபர், ஒசாகா. 'ஷிராசு' என்று ஒரு பண்டம். மத்தி வகை மீன் குஞ்சுகளை வேகவைத்து அரைகுறையாகக் காயவைத்தது. நம்ம நெத்திலிக் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். அதைச் சாப்பிட்ட 272 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். 20 பேர் இறந்தே போனார்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஃபுஜினோ அதிலிருந்து அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அதற்கு விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று பெயர் நிலைத்தது. காலராக் கிருமியான விப்ரியோ காலரேவுக்குப் பங்காளி.

இதோட வேகம் அசாத்தியம். நல்ல சூடும் தீனியும் கிடைத்தால் 10 நிமிஷத்துக்குள் ஒன்று இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்க. 10 கிருமியில் ஆரம்பித்தால் 17 தடவை இரட்டிப்பானால் 13 லட்சம். 3 மணி நேரம்கூட ஆகாது. ஐஸ் போடாம வெயில்ல கிடக்கிற கூடையில என்ன நடக்கும்னு இப்போ தெரிஞ்சிருக்கும். (பயப்படாதீங்க, கொதிக்கிற குழம்புல இது தாக்குப்பிடிக்காது. வம்பு பச்சையா சாப்பிடுறதுலயும், பச்சை மீன் வெட்டின அருவாமனையிலயே வெந்ததையும் கறிகாயையும் வெட்டுறதுலயும்தான்.)

ஜப்பான்காரர்களுக்கு அடுத்து ஒரு குழப்பம் வந்தது. தேடிப் பார்த்தால் இந்தக் கிருமி கடலில், மீனில், சிப்பியில் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. ஆனால் மீன் சாப்பிடுற எல்லோருக்கும் நோய் வருவதில்லையே? 1960-களில் விடை கிடைத்தது. நோயாளிகளின் வயிற்றிலிருந்து எடுத்த கிருமிகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரு தனி வகை ரத்த ஊடகத்தில் சிவப்பணுக்களைக் கரைத்து, சுற்றிலும் தெளிவான வளையம் போட்டன. மீனிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்தவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் அப்படிச் செய்தன. கனகாவா மாநிலத்தில் கவனித்ததால் இதற்குக் கனகாவா நிகழ்வு என்று பெயர். அதாவது பெயர் ஒன்றுதான், இனம் ஒன்றுதான். ஆனால் கூட்டத்தில் பெரும்பாலானவை சாது, ஒரு சிலதான் ரவுடி.

நம்ம தொழில் பாஷையில சொல்லணும்னா, ஃபைல் பேரை மட்டும் பார்த்து வைரஸ்னு முடிவு கட்டக் கூடாது, திறந்து உள்ளே என்ன கோடு எழுதியிருக்குன்னு பார்க்கணும். ஆனா திறந்து பார்க்கிற வசதி அன்னைக்கு இல்லை. அதனால வெளித்தோற்றத்தை வெச்சுத்தான் எல்லாமே. இந்தப் பழக்கம் எப்படிப்பட்ட இடத்தில் காலை வாரிவிட்டது என்பதுதான் சென்னைக் கதை.

காலராக் கிருமியை வகை பிரிக்கிற முறையை முதல்ல சொல்லிடறேன். கிருமியின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் அதோட சட்டை. ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு நம்பர்: ஓ1, ஓ2, ஓ3 என்று 1992 வரைக்கும் 138 சட்டைகள் பட்டியலில் இருந்தன. கண்ணாடித் தகட்டில் கிருமியை வைத்து ஓ1 சட்டைக்கென்று தயாரித்த சீரத்தை ஒரு சொட்டு விடுவார்கள். திரிதிரியாகச் சேர்ந்தால் ஓ1, காலரா. சேரவில்லையென்றால் 'ஓ1 அல்லாதது'. மிச்சம் 137 பேரையும் அந்த ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அதுங்க எப்போதாவது நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கும், கொள்ளைநோயாகக் கிளம்பாது என்பது நம்பிக்கை. அதற்குக் காரணமும் இருந்தது. அதுவரை தெரிந்த பெரிய காலராப் பரவல் எல்லாம் ஓ1 வேலைதான். 1961-ல் இந்தோனேசியாவின் சுலவேசியில் கிளம்பின ஏழாவது உலகப் பரவலும் ஓ1-ன் எல் டோர் வகையால்தான்.

1992 அக்டோபர் வாக்கில் சென்னையில் (அப்போ மெட்ராஸ்) காலரா மாதிரியே ஒன்று கிளம்பியது. அரிசி கழுவின தண்ணி மாதிரிப் போகிறது, சில மணி நேரத்தில் உடம்பு வற்றிக் கண் உள்ளே போகிறது. எல்லாம் பாடப்புத்தகக் காலரா. சீரத்தை விட்டுப் பார்த்தால் சேரவில்லை! அந்தக் கால விதிப்படி ஓ1 இல்லைன்னா அது கொள்ளைநோய்க் காலரா இல்லை. இன்னொரு விசித்திரம், காலரா அடிக்கடி வந்துபோகிற ஊர்களில் வழக்கமாகக் குழந்தைகள்தான் அதிகம் மாட்டுவார்கள், பெரியவர்களுக்கு எதிர்ப்புசக்தி வந்திருக்கும். இதில் பெரியவர்களே கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள். உடம்பு ஞாபகம் வைத்திருந்தது பழைய சட்டையை. புதுச் சட்டையோடு வந்தவனை அதற்கு அடையாளம் தெரியவில்லை. சீரத்துக்கும் தெரியவில்லை, உடம்புக்கும் தெரியவில்லை. ஒரே காரணம்தான்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும் 'ஓ1 அல்லாதது' திடீரென்று ஏறி, எல் டோர் இறங்குவதைக் கவனித்து 1993-ல் லான்செட்டில் எழுதினார்கள். கல்கத்தாவின் தேசியக் காலரா ஆய்வு நிறுவனத்தில் (நைசெட் என்று சொல்வார்கள்) டி. ராமமூர்த்தி, பாலகிருஷ் நாயர் உள்ளிட்ட குழுவும் அதே வருஷம் அதே இதழில், தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் கொள்ளைநோயாகும் ஆற்றலுள்ள புதுக் கிருமி வந்திருக்கிறது என்று அறிவித்தது. சட்டைதான் வேறு. உள்ளே இருந்தது அதே காலரா நச்சு, அதைச் செய்யச் சொல்கிற அதே சிடிஎக்ஸ் ஜீன். ஜப்பானின் ஷிமாடா குழு 138 சட்டைகளோடும் ஒப்பிட்டு எதோடும் சேரவில்லை என்று 139 என்ற நம்பரைக் கொடுத்தது. ஓ139. வங்காள விரிகுடாக் கரையோர ஊர்களில் முதலில் தென்பட்டதால் 'பெங்கால்' என்று செல்லப்பெயர் வேறு. சென்னையில்தான் முதலில் தெரிந்தது, பேர் பெங்காலுக்குப் போயிடுச்சு. இப்படிப்பட்ட பெருமை நமக்கு வேண்டாம்தான், விடுங்க :-)

1993-ன் ஆரம்ப மாதங்களில் பங்களாதேஷில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். இது எட்டாவது உலகப் பரவலின் ஆரம்பமா என்றுகூடப் பேசினார்கள். நல்லவேளை, அப்படி ஆகவில்லை. ஓ1 திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓ139 இன்றைக்கு அபூர்வம்.

ஒன்றைத் தெளிவாச் சொல்லிடறேன். காலரா முக்கியமாத் தண்ணி வழியாப் பரவுற நோய், அந்தப் பழியை மீன்காரங்க தலையில கட்டக் கூடாது. ஆனா சட்டை மாறின கதைக்கும் இறாலுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. பின்னாடி வருது.

ஓ139-ன் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்தபோது ஆள் அப்பட்டமான எல் டோர் ஓ1 என்று தெரிந்தது. சட்டை தைக்கும் பகுதியில் மட்டும் சுமார் 22 ஆயிரம் எழுத்துகளை வெட்டி எடுத்துவிட்டு, வேறு எங்கிருந்தோ வந்த சுமார் 35 ஆயிரம் எழுத்துகளை ஒட்டவைத்திருந்தது. மொத்த ஜீனோம் சுமார் 40 லட்சம் எழுத்து. அதில் ஒரு சதவீதம்கூட இல்லாத மாற்றம் சீரத்தையும் ஏமாற்றியது, மனித உடம்பையும் ஏமாற்றியது. 1996-ல் வால்டரும் மெக்காலனோஸும் இன்னொன்றைக் காட்டினார்கள். அந்த சிடிஎக்ஸ் நச்சு ஜீனே காலராக் கிருமியின் சொந்தச் சரக்கில்லை. ஒரு வைரஸ் கொண்டுவந்து பேஸ்ட் பண்ணிவிட்டுப் போனது. சட்டையும் இரவல், கத்தியும் இரவல்!

இப்போ இறால். இறால், நண்டு ஓடெல்லாம் கைட்டின் என்கிற பொருளால் ஆனது. விப்ரியோக்களுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வாழ்வது ரொம்பப் பிடிக்கும். கைட்டின் மேல் உட்கார்ந்தால் காலராக் கிருமி சுற்றிலும் மிதக்கிற அந்நிய டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்குகிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் மெலனி பிளோக்கெஷும் ஷூல்னிக்கும் கைட்டின் மேல் வளர்த்த ஓ1 கிருமிக்கு ஓ139-ன் டிஎன்ஏவைக் கொடுத்தார்கள். ஓ1 சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓ139 ஆனது. 1992-ல் வங்கக்கடல் ஓரம் நடந்தது இதேதான்னு இதை வெச்சுச் சொல்லிட முடியாது. ஆனா இறால் ஓட்டுல தையல் கடை நடக்குதுன்னு தெரிஞ்சாச்சு. இன்னைக்கு 139, நாளைக்கு வேற நம்பர் வரலாம். சட்டையைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற போலீஸ் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஜீனைப் பார்க்கிற போலீஸ் வந்தது பிசிஆர் வழியாக. (கொரோனாவுக்கு அப்புறம் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) கேரி முல்லிஸ் 1983-ல் யோசித்தது, 1993-ல் நோபல். ஓ139 பங்களாதேஷை ஆட்டிவைத்த அதே வருஷம். நமக்குப் பழகின தேடல்தான். நச்சு ஜீனின் இரு முனைகளிலும் வரும் 20 எழுத்து மாதிரியான இரண்டு சின்னத் துண்டுகளைச் செய்து போடுகிறோம். அந்த எழுத்துகள் மாதிரியில் இருந்தால் மட்டும் இடைப்பட்ட பகுதி நகலாகும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகும், கண்ணுக்குத் தெரிகிற கோடாக ஜெல்லில் வந்து நிற்கும். ஜீன் இல்லையென்றால் ஒன்றும் வராது. சட்டை என்ன நம்பர் என்று இது கேட்கவே கேட்காது.

கனகாவா வளையம் போட்ட ரவுடிகளின் நச்சு ஜீனையும் 1980-களில் படித்துவிட்டார்கள், அதற்கு டிடிஹெச் என்று பெயர். மங்களூர் மீன்வளக் கல்லூரியில் இந்திராணி கருணாசாகர், இட்டியா கருணாசாகர் தம்பதியின் குழு 1996-ல், மீனிலும் இறாலிலும் இந்த ஜீனுள்ள விப்ரியோவை பிசிஆரால் விரைவாகக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டது. பெரிய பெரிய ஊர் லேபைப் பத்தியே படிச்சுப் பழகின நமக்கு, இந்த வேலை நம்ம பக்கத்து ஊர்ல, மீன் இறங்குற துறைமுகத்துக்குப் பக்கத்துல நடந்ததுங்கறது எனக்குத் தனி சந்தோஷம்.

அந்த முறை வந்த வேளையும் சரியான வேளை. அதே 1996 பிப்ரவரியிலிருந்து கல்கத்தா தொற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் ஒரே ஒரு வகை, ஓ3:கே6, திடீரென்று பெருகியது. அதுவரை இந்தக் கிருமி உள்ளூர் ரவுடி, ஒரு மீன் கெட்டால் ஒரு விருந்து கெடும், அத்தோடு சரி. ஓ3:கே6 உலகம் சுற்றக் கிளம்பியது. 1998-ல் அமெரிக்காவில் டெக்சாஸின் கால்வெஸ்டன் வளைகுடாச் சிப்பிகளைச் சாப்பிட்ட 416 பேர், 13 மாநிலங்களில் படுத்தார்கள். கல்கத்தாவில் பார்த்த அதே குடும்பம். சட்டை நம்பரை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பழைய சாதுவான ஓ3:கே6-களும் உண்டு. டாக்ஸ்ஆர்எஸ் என்கிற ஜீன் பகுதியில் ஒரு சில எழுத்துகளே வேறுபடும், அதை வைத்து நைசெட்டும் ஜப்பான்காரர்களும் சேர்ந்து பிரித்துக் காட்டினார்கள். அப்புறம் இந்தக் குடும்பமும் சட்டை மாற்ற ஆரம்பித்தது. ஓ4:கே68 என்று புதுச் சட்டையில் வந்தபோதும் அந்த எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிட்டன.

பிசிஆர் ஒரு பிரம்மாஸ்திரம்னு நான் சொல்ல வரலை. நீங்க எந்த எழுத்தைத் தேடச் சொன்னீங்களோ அதை மட்டும்தான் தேடும். 1985-ல் மாலத்தீவில் வயிற்றுப்போக்குப் பரவியபோது எடுத்த விப்ரியோக்கள் கனகாவா வளையமே போடவில்லை, டிடிஹெச்சும் இல்லை. ஆனாலும் ஆளைப் படுக்க வைத்தன. 1988-ல் ஹோண்டா குழு அதிலிருந்து டிஆர்ஹெச் என்கிற சித்தப்பா மகனைக் கண்டுபிடித்தது. இப்போ ரெண்டையும் சேர்த்துத்தான் தேடுறாங்க. அதே மாதிரி, செத்த கிருமியின் டிஎன்ஏவும் பிசிஆருக்கு டிஎன்ஏதான். மீன் சதையில் இருக்கும் சில பொருள்கள் வினையையே கெடுக்கும். அதனால் மீனை அரைத்து, காரத்தன்மையுள்ள பெப்டோன் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, உயிருள்ளவற்றை வளரவிட்டு, பிறகுதான் பிசிஆர். பழைய முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்ததல்ல, அதன் தோளில் ஏறி நிற்பது.

'சரிப்பா, இதெல்லாம் லேப் விவகாரம், எனக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு: இது பணம், பிழைப்பு. 1991-ல் பெருவில் காலரா வந்ததும் அந்த நாட்டு மீனை உலகமே ஒதுக்கியது. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைபாடு என்று இந்திய மீன் பொருள்களுக்குக் கதவடைத்தது. (அதில் நம்ம ஆலைகளின் லட்சணத்துக்கும் பங்கு உண்டு, அதன் பிறகு நிறைய மாறியது என்பதையும் சொல்லணும்.) அதே வருஷக் கடைசியில் கென்யா, உகாண்டா, தான்சானியா, மொசாம்பிக் நாடுகளின் பச்சை மீனுக்கு, அங்கே காலரா இருக்கிறது என்கிற காரணத்துக்காகவே தடை. மீனில் நச்சு ஜீனுள்ள கிருமி இருக்கிறதா என்பது கேள்வியாகவே இல்லை, ஊரில் நோய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விக்டோரியா ஏரிக்கரையில் வலை போட்டவன் அதுக்கு விலை கொடுத்தான்.

கரையோரத் தண்ணீரில் விப்ரியோ காலரே இருப்பது இயற்கை. பெரும்பாலானவற்றில் சிடிஎக்ஸ் ஜீன் கிடையாது. ஒரு பெட்டி இறாலில் 'விப்ரியோ காலரே உண்டு' என்று மட்டும் ஒரு சீட்டு சொன்னால் அது பாதி வாக்கியம். மீதி வாக்கியம் ஜீனில் இருக்கிறது. அந்தப் பாதி வாக்கியத்தை வைத்து ஒரு சரக்கைக் கடலில் கொட்டினால் அது தூத்துக்குடியிலோ காசிமேட்டிலோ ஒரு குடும்பத்தின் பல மாச சம்பாத்தியம். சட்டை பொருந்தவில்லை என்று விட்டுவிட்டால் 1992.

இன்றைக்கு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மீனுக்கான விதியைப் பார்த்தால், 25 கிராம் மாதிரியில் இருக்கவே கூடாது என்ற பட்டியலில் 'விப்ரியோ காலரே (ஓ1 மற்றும் ஓ139)' என்று இருக்கும். ஆள் கிட்டத்தட்ட காணாமல் போன பிறகும் அந்த 139 அங்கே உட்கார்ந்திருக்கிறது, மெட்ராஸின் ஞாபகமாக. அமெரிக்க உணவு நிர்வாகமோ நச்சு உண்டாக்கும் ஓ1, ஓ139 இரண்டையும் சொல்லிவிட்டு, நச்சு உண்டாக்கினால் மற்ற எந்த நம்பரானாலும் கூடாது என்று சேர்த்துக்கொள்கிறது. எனக்கென்னவோ ரெண்டாவதுதான் 1992-ஐ ஒழுங்காப் படிச்ச மாதிரி தெரியுது.

தூத்துக்குடி, கொச்சி பக்கம் ஏற்றுமதி ஆலை லேப்ல வேலை பார்க்கிற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க பக்கம் இறால்ல விப்ரியோ காலரே வந்தா முதல்ல சீரமா, பிசிஆரான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.